ஒரே சின்னம், முந்நூறு மொழிகள்

கணிப்பொறித் திரையில் விக்கிப்பீடியாவைத் திறந்தால் மேல் மூலையில் சாம்பல் நிற உருண்டை ஒன்று தெரியும். அதை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். ஆனால் உற்று நோக்கியிருக்கிறீர்களா? பல துண்டுகளைப் பொருத்திச் செய்த புதிர் உருண்டை அது. துண்டுகளின் மேல் உலக மொழிகளின் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. உச்சியில் சில துண்டுகள் இன்னும் பொருத்தப்படாமல் இடைவெளி இருக்கிறது. படத்தைச் சற்றுப் பெரிதாக்கித் தேடினால் நம் 'வி' என்னும் எழுத்தும் கண்ணில் படும்.

இப்போது தமிழ்ப் பக்கத்தை விட்டு ஜப்பானியப் பக்கத்துக்கோ அரபுப் பக்கத்துக்கோ சென்று பாருங்கள். உருண்டை அதேதான். உடன் உள்ள பெயர் மட்டும் அந்தந்த மொழியில் இருக்கும்.

விக்கிப்பீடியா இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவருகிறது. எழுதுவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஒவ்வொரு மொழிக் குழுவும் தன் பக்கங்களைத் தானே நடத்துகிறது. தமிழ்க் கட்டுரை எப்படி இருக்கவேண்டும் என்று ஆங்கிலக் குழு ஆணையிட முடியாது. அப்படியிருக்க, சின்னம் மட்டும் எல்லா மொழிகளிலும் ஒன்றாக இருப்பது ஏன்? அதை ஒன்றாக வைத்திருப்பது எப்படி? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் கொஞ்சம் ஒளியியல், கொஞ்சம் வடிவியல், கொஞ்சம் எழுத்திலக்கணம் ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கும்.

சின்னம் செய்யும் வேலை

மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கச் செல்கிறோம். அதன் உள்ளே உள்ள மின்காப்பு சரியானதா என்று கடையில் நின்று சோதிக்க நம்மால் இயலாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். நாம் செய்ய முடியாத சோதனைக்குப் பதிலாக அந்த முத்திரை நிற்கிறது. அது ஊருக்கு ஒரு வடிவமாக இருந்தால் எதை நம்புவது?

கட்டற்ற மென்பொருள்களில் இத்தேவை இன்னும் மிகுதி. ஒரு மென்பொருளின் மூல நிரல்களை எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்று உரிமம் தந்திருந்தால் அதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். விக்கிப்பீடியாவை இயக்கும் 'மீடியாவிக்கி' அத்தகையது. கட்டுரைகளும் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் படியெடுக்கத் தக்கவை. ஆகவே அதே மென்பொருளையும் அதே கட்டுரைகளையும் கொண்டு, பார்வைக்கு அதே போன்ற இன்னொரு களஞ்சியத்தை நாளையே ஒருவர் தொடங்க முடியும். அதில் தவறில்லை. ஆனால் படிப்பவர் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை எப்படி அறிவார்? பெயரும் சின்னமுமே அவருக்குத் துணை. எல்லாவற்றையும் பொதுவாக்கிய பிறகு அடையாளம் காட்ட எஞ்சி நிற்பவை அவை இரண்டுதாம்.

உருண்டை பிறந்த கதை

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15-ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளும் சேர்ந்தன. தொடக்க காலச் சின்னம் ஒன்றில், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்சின் நூல் வரிகள் ஒரு கோளத்தின் மேல் வளைத்து எழுதப்பட்டிருந்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். பிற மொழிக்காரர் தம் வீட்டு வாசலில் அயல்மொழி வரிகளைத் தொங்கவிடுவானேன்? எல்லா மொழிக்கும் பொதுவான சின்னம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

2003-இல் போட்டி நடந்தது. பால் ஸ்டான்சிஃபர் என்ற 17 வயது இளைஞர் வரைந்த புதிர் உருண்டை வெற்றி பெற்றது. டேவிட் ஃப்ரீட்லாண்ட் என்ற தன்னார்வலர் அதைத் திருத்தி, துண்டுக்கு ஓர் எழுத்தாகச் சாம்பல் நிறத்தில் அமைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. அறிவு எந்நாளும் முற்றுப்பெறுவதில்லை என்பதைக் காட்டவே உச்சித் துண்டுகள் விடப்பட்டன.

ஏழு ஆண்டுகள் நீடித்த பிழை

இந்த அழகிய உருண்டையில் ஒரு குறை இருந்தது. சில எழுத்துகள் பிழையாக இருந்தன. தேவநாகரி 'வி' உடைந்து கிடந்தது. ஜப்பானிய எழுத்திலும் பிழை. 2007 ஜூனில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இதைச் செய்தியாகவே வெளியிட்டது.

தேவநாகரி எழுத்து ஏன் உடைந்தது? இதை நம் எழுத்தைக் கொண்டே விளக்கிவிடலாம்.

'கெ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். தாளில் எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பை இடுகிறோம், பிறகு 'க' எழுதுகிறோம். ஆனால் கணிப்பொறி அவ்வாறு நினைவில் வைப்பதில்லை. அது ஒலிக்கும் வரிசையையே பின்பற்றுகிறது. முதலில் 'க' என்னும் மெய்யைச் சார்ந்த உரு, அடுத்து உயிர்க்குறி. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில் 'க'வின் எண் 2965. ஒற்றைக் கொம்பின் எண் 3014. 'கெ' என்று நீங்கள் தட்டினால் நினைவகத்தில் 2965, 3014 என்ற வரிசையில்தான் அமரும். திரையில் காட்டும்போது மட்டும், "இரண்டாவதாக வந்த குறியை முதலில் வரை" என்ற விதியை எழுத்துருவும் அதற்கான மென்பொருளும் நிறைவேற்றவேண்டும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணிப்பொறியில் 'கெ' என்று தட்டிவிட்டு, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இடப்பக்கம் உள்ள கொம்பு மறையும், 'க' அப்படியே நிற்கும். கடைசியாகச் சேர்ந்தது எதுவோ அதுவே முதலில் நீங்குகிறது.

தேவநாகரியில் இகரக் குறி நம் ஒற்றைக் கொம்பைப் போன்றது. பின்னால் ஒலிக்கும், முன்னால் எழுதப்படும். தமிழ் 'வி'யில் இந்தச் சிக்கல் இல்லை. 2997, 3007 என்ற இரு எண்களும் வந்த வரிசையிலேயே வலப்புறம் அமைந்துவிடுகின்றன. இடம் மாற்றும் விதியை அறியாத மென்பொருளில் தேவநாகரி 'வி'யைத் தட்டினால் குறி தவறான பக்கத்தில் போய் நிற்கும். 2003-ஆம் ஆண்டுக் காலத்தில் படம் வரையும் மென்பொருள்கள் பலவற்றுக்கு இந்திய எழுத்துகளின் விதி தெரியாது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அது உடைந்திருப்பதும் தெரியாது. 'கெ' என்பதற்குப் பதிலாக 'க' முன்னும் கொம்பு பின்னுமாக நின்றால் நம் ஊர் முதல் வகுப்புக் குழந்தை கண்டுபிடித்துவிடும். உலகின் மறுகோடியில் உள்ள கெட்டிக்காரப் பொறியாளருக்கு அது புலப்படாது.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சின்னம் எங்கும் ஒரே மாதிரியாக இருந்ததால்தான் பிழையும் எங்கும் ஒரே மாதிரியாகப் பரவியது. அச்சுக்கட்டையில் ஓர் எழுத்து உடைந்திருந்தால் அச்சாகும் அத்தனை தாளிலும் அது உடைந்தே வரும். உலகத்தின் எல்லா மொழிகளுக்கும் இடம் உண்டு என்று அறிவிக்கும் சின்னத்திலேயே சில மொழிக்காரர்கள் தம் எழுத்தைச் சிதைந்த கோலத்தில் கண்டார்கள்.

2010-இல் நடந்த திருத்தம்

2010 மே மாதத்தில் திருத்திய உருண்டை வெளியாயிற்று. அதை நடத்தியது விக்கிமீடியா அறக்கட்டளை. 2003 ஜூனில் அமைக்கப்பட்ட இவ்வறக்கட்டளையே பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமையாளர். பல மொழித் தன்னார்வலர்களிடம் கேட்டு எழுத்துகள் சரிபார்க்கப்பட்டன. 2003-இன் உருண்டையில் 'ஸ்டார் டிரெக்' கதைகளுக்காகப் படைக்கப்பட்ட கிளிங்கன் என்ற கற்பனை மொழியின் எழுத்து ஒன்று இருந்தது. அது நீக்கப்பட்டு அவ்விடத்தில் எத்தியோப்பிய எழுத்து வந்தது. கோடிக்கணக்கான மக்கள் எழுதிப் படிக்கும் எழுத்துமுறை அது.

உருண்டையும் இம்முறை உண்மையான முப்பரிமாண உருவமாகக் கணிப்பொறியில் வார்க்கப்பட்டது. இதில் ஓர் எளிய வடிவியல் இருக்கிறது. பந்தின் மேல் ஓர் எழுத்தை ஒட்டுங்கள். அது உங்களுக்கு நேர் எதிரே இருக்கும்போது முழு அகலத்துடன் தெரியும். பந்தை மெல்லத் திருப்பினால் எழுத்து ஓரத்தை நோக்கி நகரும், அகலமும் குறைந்துகொண்டே வரும். திரும்பிய கோணத்தின் கோசைன் மதிப்பு எவ்வளவோ அந்த அளவு அகலமே கண்ணுக்குத் தெரியும். 60 பாகை திரும்பினால் அகலம் பாதி. தட்டையான படத்தில் எழுத்தைக் கையால் ஒட்டினால் இந்தச் சுருக்கம் சரியாக அமையாது. முப்பரிமாண உருவத்தில் கணிப்பொறி இதைத் தானே கணித்துவிடுகிறது. நாளை ஓர் எழுத்தை மாற்றவேண்டி வந்தாலும் படம் முழுவதையும் புதிதாக வரையத் தேவையில்லை.

புள்ளிகளும் கோடுகளும்

சின்னம் ஒன்றாக இருக்க அதைச் சேமிக்கும் முறையும் முக்கியம். சாதாரணப் புள்ளிப் படம், கோலப்பொடியால் இட்ட புள்ளிகளின் வரிசை போன்றது. விக்கிப்பீடியாவின் பக்கங்களில் நெடுங்காலம் இருந்த சின்னம் 135 புள்ளி அகலமும் 155 புள்ளி உயரமும் உடையது. மொத்தம் 20,925 புள்ளிகள். திரைக்கு இது போதும். இதையே பத்து மடங்கு பெரிதாக்கி மாநாட்டுப் பதாகையில் அச்சிட்டால் ஒவ்வொரு புள்ளியும் நூறு புள்ளி அளவுள்ள சதுரக் கட்டமாகிவிடும். விளிம்புகள் படிக்கட்டுப் போல் தோன்றும். அதைக் கண்டு பொறுக்காத ஒருவர் தாமே புதிதாக வரைவார். அடுத்த ஊரில் இன்னொருவர் தம் போக்கில் வரைவார். இப்படித்தான் ஒரு சின்னம் பத்துச் சின்னமாகிறது. யாரும் கெட்ட எண்ணத்துடன் மாற்றுவதில்லை. நல்ல மூலப்படி கையில் இல்லாததே காரணம்.

இதற்கு மாற்று கோட்டுருவ முறை. இதில் புள்ளிகளுக்குப் பதிலாக வடிவத்தின் இலக்கணமே எழுதி வைக்கப்படுகிறது. வட்டம் என்றால் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு என்ற விவரம் போதும். வளைகோடுகளுக்குப் பெசியர் வளைவுகள் என்னும் முறை உண்டு. பிரான்சின் ரெனோ கார்த் தொழிற்சாலைப் பொறியாளர் பியர் பெசியர் 1960-களில் கார் உடல்களை வரையப் பயன்படுத்தியது அது. ஒரு வளைவைக் குறிக்க நான்கு புள்ளிகள், அதாவது எட்டு எண்கள் போதும். இந்த எண்களைக் கொண்டு நகத்தளவிலும் வரையலாம், சுவரளவிலும் வரையலாம். விளிம்பு கூர்மையாகவே இருக்கும். எஸ்.வி.ஜி. என்ற பொதுமுறை 2001-இல் தரப்படுத்தப்பட்ட பிறகு இத்தகைய கோப்புகளை இணைய உலாவிகளும் நேரடியாகக் காட்டத் தொடங்கின. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவும் இன்று தம் சின்னத்தின் மூலப்படியை இவ்வடிவிலேயே வைக்கின்றன.

மாறாதது எது, மாறுவது எது?

எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைப்பதும் தவறு. உருண்டை மாறக்கூடாது. பெயரோ மாறியே ஆகவேண்டும். அதுவும் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது.

'விக்கிப்பீடியா' என்று தமிழில் எழுதுகிறோம். நடுவே 'க்' எதற்கு, 'ப்' எதற்கு? தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும். 'தகப்பன்' என்பதில் 'க', 'கோபம்' என்பதில் 'ப' ஆகியவற்றை ஒலித்துப் பாருங்கள். இரட்டித்து வந்தால்தான் வன்மை நிற்கும். 'விக்கி' என்பதிலும் 'ப்பீ' என்பதிலும் வல்லொலி வேண்டும், ஆகவே இரட்டிப்பு. 'டியா' என்பதில் மெல்லிய ஒலியே வேண்டும், ஆகவே அங்கே இரட்டிப்பு இல்லை. மூன்று இடத்திலும் பெயர் தமிழ் ஒலிமரபுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. அயல்நாட்டில் அமர்ந்து சின்னம் வரைபவர் இதை முடிவு செய்ய முடியாது. அதைத் தமிழ் எழுதுவோரே முடிவு செய்யவேண்டும்.

எழுத்துருவிலும் இதே நிலைதான். 2010-க்கு முன் ஆங்கிலப் பெயர் 'ஹோஃப்லர் டெக்ஸ்ட்' என்ற வணிக எழுத்துருவில் இருந்தது. பிறகு 'லினக்ஸ் லிபர்டைன்' என்ற கட்டற்ற எழுத்துருவுக்கு மாறியது. ரோமன், கிரேக்கம், சிரில்லிக், எபிரேயம் ஆகிய எழுத்துமுறைகள் அதில் உண்டு. தமிழ் இல்லை. ஆகவே தமிழ்ப் பெயருக்கு வேறு எழுத்துருவை நாட வேண்டியதாயிற்று. ரோமன் எழுத்தில் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும் அழகைத் தமிழ்ச் சுழிகளில் அப்படியே புகுத்தினால் எழுத்தின் இயல்பு கெடும். தோற்றத்தில் நிறை ஒத்திருந்தால் போதும்.

அண்மைக் காலப் பக்க அமைப்பில் உருண்டை, பெயர், 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' போன்ற விளக்கத் தொடர் ஆகிய மூன்றும் தனித்தனிக் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. உருண்டை எல்லாருக்கும் ஒன்று, மற்ற இரண்டும் மொழிக்கு மொழி வேறு. எது பொது, எது தனி என்று முன்கூட்டியே பிரித்துவிட்டதால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடுவதில்லை.

உரிமை யாருடையது?

மென்பொருள் எல்லாருக்கும் பொது என்றால் சின்னமும் பொதுவாக இருக்கவேண்டாமா? இக்கேள்வி ஒருமுறை பெரிய சர்ச்சையாகவே வளர்ந்தது. ஃபயர்பாக்ஸ் என்ற உலாவியின் நிரல்கள் கட்டற்றவை. ஆனால் நெருப்பு நரிச் சின்னத்துக்கு அப்போது கட்டற்ற உரிமம் இல்லை. முழுவதும் கட்டற்றவற்றையே ஏற்கும் டெபியன் என்ற இயங்குதளக் குழு, சின்னத்தை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பெயர் வேண்டுமானால் சின்னமும் சேர்ந்தே இருக்கவேண்டும், செய்யும் மாற்றங்களுக்கும் ஒப்புதல் வேண்டும் என்றது மோசில்லா நிறுவனம். முடிவில் 2006-இல் டெபியன் குழு அதே உலாவியை 'ஐஸ்வீசல்' என்ற வேறு பெயரில் வழங்கத் தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து 2016-இல்தான் இணக்கம் ஏற்பட்டு ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் திரும்பியது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் இதில் கலந்துகிடப்பவை இருவேறு உரிமைகள். படத்தைப் படியெடுக்கும் உரிமை வேறு, அப்படத்தைக் காட்டி "இது அவர்கள் செய்தது" என்று சொல்லும் உரிமை வேறு. முதலாவது பதிப்புரிமை, இரண்டாவது வணிகச்சின்ன உரிமை. இவற்றைப் பிரிக்கலாம். 2014 அக்டோபரில் விக்கிமீடியா அறக்கட்டளை அதைத்தான் செய்தது. தன் சின்னங்களின் படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவாக்கியது. வணிகச்சின்ன உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆகவே உருண்டையை உங்கள் பள்ளிக் கட்டுரையில் வரையலாம். ஆனால் அதைப் பெயர்ப்பலகையில் பொறித்து, விக்கிப்பீடியாவின் கிளை என்று சொல்லிக் கடை நடத்த முடியாது.

இன்னும் தீராத கணக்கு

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. உலாவியில் பக்கத் தலைப்பின் அருகே தெரியும் மிகச் சிறு சின்னத்தைக் கவனியுங்கள். அதன் வழக்கமான அளவு 16-க்கு 16, அதாவது 256 புள்ளிகள்தாம். இயல்பான கண், கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகியுள்ள இரு புள்ளிகளையே பிரித்தறியும். அரை மீட்டர் தூரத்தில் அது சுமார் 0.15 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் அகலச் சின்னத்தில் குறுக்கே முப்பத்துச் சொச்சம் புள்ளிகளுக்கு மேல் கண்ணால் பிரித்தறிய முடியாது. இத்துணைச் சிறு இடத்தில் புதிர் உருண்டையை வரைந்தால் சாம்பல் கறைதான் தெரியும்.

அதனால் அங்கே உருண்டைக்குப் பதில் 'டபிள்யூ' என்ற ரோமன் எழுத்து ஒன்றே நிற்கிறது. தமிழ்ப் பக்கமானாலும் அதே எழுத்துதான். ஒவ்வொரு மொழியும் தன் எழுத்தை வைத்தால் ஒருமை போய்விடும். ஒரே எழுத்தை வைத்தால் ஒரு மொழிக்கு மட்டும் முதலிடம் கிடைத்துவிடும். பெரிய உருண்டையில் 'வி'யும் 'டபிள்யூ'வும் துண்டுக்கு ஒன்றாகச் சமமாக அமர்ந்திருக்கின்றன. சிறிய கட்டத்தில் அந்தச் சமநிலைக்கு இடம் போதவில்லை.

மாணவ நண்பர்கள் இதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தாளில் 16-க்கு 16 கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். எந்த மொழியின் எழுத்தும் இல்லாமல், கண்டவுடன் அந்தப் புதிர் உருண்டை நினைவுக்கு வரும்படி 256 கட்டங்களில் சிலவற்றைக் கருப்பாக்குங்கள். அரை மீட்டர் தொலைவில் வைத்து, விவரம் எதுவும் சொல்லாமல், வீட்டில் ஒருவரிடம் காட்டி என்னவென்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் நல்ல விடை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் சின்னத்தில் வேற்று மொழி எழுத்து ஏதேனும் இடம்பெற நேர்ந்தால், அதை அச்சுக்கு அனுப்புமுன் அம்மொழியைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் மறவாமல் காட்டிவிடுங்கள்.